எரிந்த கற்களை எங்கே வைப்பது? அக்ரோபொலிஸ் மீண்டும் மீண்டும் எழுந்த கதை

ஏதென்ஸ் நகரத்தின் பழைய சந்தை வெளியான அகோராவில் நின்று அண்ணாந்து பார்த்தால் அக்ரோபொலிஸ் குன்றின் வடக்கு மதில் தெரியும். மேலே ஏறப்போகும் பயணிகள் பலர் அந்த மதிலைக் கவனிப்பதில்லை. அவர்களின் கண் உச்சியிலுள்ள பார்த்தினன் கோயிலைத் தேடுகிறது. ஆனால் மதிலை உற்றுப் பார்த்தால், சாதாரண கற்களுக்கு நடுவே, பீப்பாய்களை வரிசையாக நிறுத்தி வைத்தது போல உருண்டையான பெரிய பளிங்குக் கற்கள் தெரியும். அதற்கு மேற்கே, ஒரு கோயிலின் தூண்களுக்கு மேல் இருக்கவேண்டிய விட்டக் கற்கள், கோயிலில் இருந்த அதே ஒழுங்கில் மதிலுக்குள் வைக்கப்பட்டிருக்கின்றன.

ஏதென்ஸுக்குப் போனபோது நான் அதிக நேரம் நின்றது அந்த மதிலுக்குக் கீழேதான். அந்தக் கற்கள் கி.மு 480 இல் எரிக்கப்பட்ட இரண்டு கோயில்களுடையவை. ஒன்று கட்டி முடிக்கப்படாமலே எரிந்தது. மற்றையது நகரத்தின் தாய்க்கோயில். போர் முடிந்து ஊர் திரும்பிய மக்கள் அந்தக் கற்களைத் தூக்கி எறியவில்லை. கீழே நகரத்தில் நடமாடும் எவருடைய கண்ணுக்கும் படும்படி அவற்றை மதிலில் வைத்தார்கள்.

இன்று உலகம் வியக்கும் பார்த்தினன், அந்த மதிலுக்குப் பிறகு வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் குன்றின் கதை முழுமையாகும்.

தீக்கு முன்னர் இருந்த குன்று

அக்ரோபொலிஸ் என்பதற்கு மேட்டு நகரம் என்று பொருள். சுண்ணக்கல் குன்று. அதன் உச்சி ஏறத்தாழ 3 ஹெக்டெயர் பரப்பளவு கொண்டது. கி.மு 13 ஆம் நூற்றாண்டில் அங்கே பெரும் பாறைகளால் ஒரு கோட்டை மதில் கட்டப்பட்டது. காலப்போக்கில் அரசர்கள் போனார்கள், தெய்வம் தங்கியது. நகரத்தின் காவல் தெய்வமான அதீனாவுக்கு அங்கே ஒன்றன்பின் ஒன்றாகக் கோயில்கள் எழுந்தன.

கி.மு 6 ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் குன்றின் நடுவே ஒரு கோயில் இருந்தது. தொல்லியலாளர்கள் அதைப் பழைய அதீனா கோயில் என்கிறார்கள். அதன் அத்திவாரத்தை 1885 இல் வில்ஹெல்ம் டோர்ப்பெல்ட் என்ற ஜேர்மனிய ஆய்வாளர் இனங்கண்டார். இன்றும் அந்த அத்திவாரம் வெயிலில் வெறுமையாகக் கிடக்கிறது. அக்கோயிலில் இருந்தது ஒலிவ மரத்தால் செய்யப்பட்ட ஒரு பழைய சிலை. அது வானத்திலிருந்து விழுந்தது என்று மக்கள் நம்பினார்கள்.

கி.மு 490 இல் மரதன் சமவெளியில் பாரசீகப் படையைத் தோற்கடித்த பின்னர், ஏதென்ஸ் மக்கள் குன்றின் தெற்குப் பக்கத்தில் பென்டெலிக்கோன் மலைப் பளிங்கால் இன்னொரு பெரிய கோயிலைத் தொடங்கினார்கள். சரிவான பாறையில் மிகப் பெரிய சுண்ணக்கல் மேடை எழுப்பி, அதன்மேல் தூண்களை நிறுத்தத் தொடங்கினார்கள். தூண்கள் ஆளுயரத்துக்குச் சற்று மேலே வந்திருந்த வேளையில் அடுத்த போர் வந்துவிட்டது.

கி.மு 480

பாரசீக மன்னன் செர்க்செஸ் பெரும்படையுடன் வடக்கிலிருந்து இறங்கினான். ஏதென்ஸைக் காக்க முடியாது என்று தெரிந்ததும் நகரத்தை விட்டு வெளியேறுவது என்று முடிவாயிற்று. பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும் துரோய்சன், ஏஜினா, சலாமிஸ் ஆகிய இடங்களுக்குக் கப்பலேறினார்கள். ஆண்கள் கடற்படைக்குப் போனார்கள்.

துரோய்சன் நகரத்தார் வந்தவர்களுக்காக நிறைவேற்றிய தீர்மானம் ஒன்றைப் புளூட்டாக் என்ற எழுத்தாளர் பதிவு செய்திருக்கிறார். பொதுப் பணத்திலிருந்து அவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டு ஒபோல் காசு கொடுப்பது. பிள்ளைகள் எந்தத் தோட்டத்திலும் பழம் பறித்துக்கொள்ளலாம். அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுப்பது. இதை முதன்முதல் வாசித்தபோது, சாப்பாட்டுக் காசுக்கும் பழத்துக்கும் அடுத்ததாக ஆசிரியரின் சம்பளம் வந்திருப்பதைத்தான் நான் கவனித்தேன். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து நடந்தவர்களில் நானும் ஒருவன். போன இடத்தில் மரத்துக்குக் கீழே எங்களைக் கூட்டி வைத்துப் பாடம் தொடங்கிய ஆசிரியர்களின் முகங்கள் நினைவுக்கு வந்தன.

ஏதென்ஸில் எல்லோரும் வெளியேறவில்லை. கோயில் பொறுப்பாளர்களும் போக வழியற்ற ஏழைகளும் குன்றிலேயே தங்கினார்கள் என்று வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதுகிறார். மரச்சுவர் உங்களைக் காக்கும் என்று டெல்ஃபி தெய்வவாக்குச் சொல்லியிருந்தது. கப்பல்களே அந்த மரச்சுவர் என்று தெமிஸ்தொக்கிளீஸ் என்ற தலைவர் பொருள் சொன்னார். குன்றில் தங்கியவர்களோ உண்மையான மரச்சுவர் என்றே எடுத்துக்கொண்டு, கதவுகளாலும் பலகைகளாலும் வாயிலை அடைத்தார்கள். பாரசீகர் எதிர்க்குன்றிலிருந்து தீ அம்புகளை எய்து அதை எரித்தனர். பிறகு யாரும் ஏறமாட்டார்கள் என்று காவலின்றி விட்ட செங்குத்தான பக்கத்தால் ஏறினர். சிலர் மதிலிலிருந்து குதித்து இறந்தார்கள். மற்றவர்கள் கோயிலுக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். கோயிலுக்குள் இருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். கொள்ளைக்குப் பின் குன்று முழுவதும் தீ வைக்கப்பட்டது.

அதீனாவின் புனித ஒலிவ மரமும் எரிந்தது. மறுநாள் அங்கே போனவர்கள், கரிந்த அடிமரத்திலிருந்து ஒரு முழ நீளத்துக்குத் துளிர் விட்டிருந்ததைக் கண்டார்கள் என்று ஹெரடோட்டஸ் சொல்கிறார். நடந்ததோ, நம்பிக்கையோ, திரும்பி வந்த மக்கள் அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள்.

சில நாட்களில் சலாமிஸ் கடற்போரில் பாரசீகக் கடற்படை தோற்றது. ஆனால் அடுத்த ஆண்டு பாரசீகத் தளபதி மார்தோனியஸ் மீண்டும் வந்து, நகரத்தில் எஞ்சி நின்றவற்றையும் இடித்தான். மக்கள் இரண்டாம் முறையும் இடம்பெயர்ந்தார்கள். கி.மு 479 இல் பிளாட்டியாப் போரோடுதான் திரும்புவதற்கு வழி பிறந்தது.

முதலில் எழுந்தது மதில்

திரும்பியவர்கள் கண்டதைத் துசிடிடீஸ் சுருக்கமாகச் சொல்கிறார். வீடுகளில் பெரும்பாலானவை விழுந்து கிடந்தன. பாரசீகப் பிரபுக்கள் தங்கியிருந்த சில வீடுகளே நின்றன.

அவர்கள் முதலில் கோயிலைக் கட்டவில்லை. நகர மதிலைக் கட்டினார்கள். மதில் வேண்டாம் என்று ஸ்பார்ட்டா தடுத்தது. தெமிஸ்தொக்கிளீஸ் ஸ்பார்ட்டாவுக்குப் போய்ப் பேச்சுவார்த்தையை இழுத்தடித்துக்கொண்டிருக்க, இங்கே ஆண், பெண், பிள்ளைகள் எல்லோரும் கல் சுமந்தார்கள். எந்தக் கட்டடத்தின் கல் என்று பார்க்க நேரமில்லை. கல்லறைக் கற்களையும் எடுத்து வைத்தார்கள். துசிடிடீஸ் எழுதியதை அகழ்வாய்வு உறுதிப்படுத்தியது. 1922 இல் அந்த மதிலின் எச்சத்திலிருந்து, இளைஞர்கள் பந்து விளையாடும் காட்சி செதுக்கிய சிலைப் பீடம் ஒன்று கிடைத்தது. இறந்த ஒரு மகனின் நினைவாக யாரோ நிறுத்திய சிலையின் பீடம், உயிரோடிருப்பவர்களைக் காக்கும் சுவரில் கல்லாகிப் போயிருந்தது.

குன்றின் மேலே நடந்தது வேறு. அங்கே எரிந்த கற்களை அவர்கள் மூன்று விதமாகக் கையாண்டார்கள்.

முதலாவது, காட்சிக்கு வைத்தது. வடக்கு மதிலில் நான் பார்த்த தூண் கற்களும் விட்டக் கற்களும் அவைதான். அவசரத்துக்குக் கல் தேவைப்பட்டதென்றால் எப்படியும் அடுக்கியிருக்கலாம். விட்டம், அதன்மேல் வரும் வரிப்பலகை, அதன்மேல் கூரை விளிம்பு என்று கோயிலின் ஒழுங்கையே மதிலிலும் காத்தது தற்செயல் அல்ல.

இரண்டாவது, புதைத்தது. குன்றில் நின்ற நேர்த்திக்கடன் சிலைகள் பல தலை வேறு உடல் வேறாக உடைக்கப்பட்டிருந்தன. தெய்வத்துக்குக் கொடுத்ததை வெளியே கொண்டுபோக முடியாது. எனவே குன்றிலேயே குழிகளில் இட்டு மூடினார்கள். 1886 இல் எரெக்தியோன் கோயிலுக்கு வடமேற்கே ஒரு குழியிலிருந்து 14 சிலைகள் வெளிவந்தன. புன்முறுவலோடு நிற்கும் இளம்பெண்களின் சிலைகள். ஆடையின் பூவேலையில் வர்ணம்கூட மிஞ்சியிருந்தது. நின்றிருந்தால் வெயிலிலும் மழையிலும் போயிருக்கும். இன்று அக்ரோபொலிஸ் அருங்காட்சியகத்தில் அவற்றைச் சுற்றி நடந்து பார்க்கலாம்.

மூன்றாவது, அப்படியே விட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குன்றில் பெரிய கோயில் எதுவும் கட்டப்படவில்லை. தீயில் கருகிய சுவர்கள் நின்றதைத் தன் காலத்தில் கண்டதாக ஹெரடோட்டஸே எழுதியிருக்கிறார். பிளாட்டியாப் போருக்கு முன் கிரேக்கர்கள் எடுத்த ஓர் உறுதிமொழியே இதற்குக் காரணம் என்று பிற்காலத்தவர் சொன்னார்கள். எரிக்கப்பட்ட கோயில்களை மீளக் கட்டமாட்டோம், வருங்காலத்தவருக்குச் சாட்சியாக விட்டுவைப்போம் என்பது அதன் சாரம். ஆனால் இது 150 ஆண்டுகள் கழிந்த எழுத்துகளில்தான் வருகிறது. அந்த உறுதிமொழியே புனைவு என்று தியோபொம்பஸ் என்ற வரலாற்றாசிரியர் அந்தக் காலத்திலேயே சொல்லியிருக்கிறார். அக்கார்னே என்ற ஊரில் கிடைத்த கல்வெட்டில் உறுதிமொழி இருக்கிறது. கோயில் பற்றிய வரி இல்லை. மதில், கப்பல், தொடர்ந்த போர் என்று பணம் போன வழிகளும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

யாருடைய பணம்?

கி.மு 447 இல் பெரிக்கிளீஸின் தலைமையில் பார்த்தினன் வேலை தொடங்கியது. இக்டினஸ், கலிக்கிரட்டீஸ் ஆகியோர் கட்டடக் கலைஞர்கள். பைடியஸ் சிற்ப வேலைக்குப் பொறுப்பு. கி.மு 438 இல் கோயில் அர்ப்பணிக்கப்பட்டது. சிற்பங்கள் கி.மு 432 வரை தொடர்ந்தன. சுற்றிலும் 46 தூண்கள், நீளம் ஏறத்தாழ 70 மீற்றர், அகலம் 31 மீற்றர்.

அது வெறுந்தரையில் எழவில்லை. எரிந்துபோன கோயிலுக்காகப் போட்ட அதே மேடையில் எழுந்தது. பழைய திட்டம் 6 தூண் முகப்பு. புதியது 8 தூண். அதனால் மேடையை வடக்குப் பக்கம் அகலப்படுத்தினார்கள். தீயில் கெடாத பழைய கற்களைப் புதிய கட்டடத்தில் பயன்படுத்தினார்கள். அகலப்படுத்திய இடத்தில் முன்பிருந்தே ஒரு சின்னஞ்சிறு கோயிலும் பலிபீடமும் இருந்தன. அவற்றை அகற்றாமல் வடக்குத் தூண் வரிசைக்கு உள்ளேயே இடம் விட்டுக் காத்தார்கள். கட்டடக் கலைஞர் மனோலிஸ் கொரெஸ் இதைக் கண்டறியும் வரை எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

பெருமைக்குரிய இந்தக் கட்டடத்தில் ஒரு கறையும் உண்டு. பாரசீகரை எதிர்க்கவென்று நூற்றுக்கு மேற்பட்ட கிரேக்க நகரங்கள் கூட்டணி சேர்ந்து பணம் செலுத்தி வந்தன. அந்தக் கருவூலம் டெலோஸ் தீவில் இருந்தது. கி.மு 454 அளவில் அது ஏதென்ஸுக்கு மாற்றப்பட்டது. போருக்கென்று சேர்த்த பணம் கோயிலுக்குப் போகிறது என்று ஏதென்ஸ் மக்கள் சபையிலேயே எதிர்ப்பு எழுந்ததைப் புளூட்டாக் பதிவு செய்கிறார். அழித்தவனிடமிருந்து பாதுகாப்போம் என்று சொன்ன நகரம், தன்னை நம்பிச் சேர்ந்த சிறிய ஊர்களிடம் வரி வாங்கித் தன் குன்றை அலங்கரித்தது. விலக முயன்ற ஊர்களைப் படை அனுப்பி அடக்கியது.

வளைந்து கொடுத்த கோயில்

பார்த்தினனுக்கு வடக்கே எரெக்தியோன் இருக்கிறது. பெண் வடிவத் தூண்களால் பெயர் பெற்றது. கி.மு 421 முதல் 406 வரையான காலத்தில் கட்டப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது. ஏதென்ஸ் ஸ்பார்ட்டாவோடு பொருதித் தேய்ந்துகொண்டிருந்த காலம் அது.

கிரேக்கக் கோயில்கள் ஒரே சீராக இருக்கும். இது அப்படியல்ல. ஒரு பக்கம் உயர்ந்து, மறுபக்கம் தாழ்ந்து, இரண்டு பக்கமும் மண்டபம் நீட்டி நிற்கிறது. காரணம், அங்கே ஏற்கெனவே இருந்த புனித இடங்கள். பொசைடன் தன் சூலத்தால் குத்தியதாகச் சொல்லும் பாறைத் தடம், முதல் அரசன் கெக்ரொப்ஸின் சமாதி, ஒலிவ மரம் நின்ற முற்றம் ஆகிய எதையும் நகர்த்த முடியாது. கோயில்தான் வளைந்து கொடுத்தது. சூலத் தடத்துக்கு நேர் மேலே கூரையில் வானம் தெரிய ஒரு துவாரமும் விட்டார்கள்.

பெண் தூண்கள் நிற்கும் மண்டபம் பழைய அதீனா கோயிலின் அத்திவார விளிம்பில் கால் வைத்து நிற்கிறது. மற்றபடி அந்த எரிந்த கோயிலின் இடத்தை வெறுமையாகவே விட்டார்கள். பழைய மரச்சிலை எரெக்தியோனுக்கு வந்தது. பார்த்தினனுக்குள் பைடியஸ் செய்த, 12 மீற்றர் அளவு உயரமான பொன்னும் தந்தமுமான சிலை நின்றது. ஆனால் பெருவிழாவில் நகரத்துப் பெண்கள் நெய்த ஆடை சாத்தப்பட்டது அந்தப் பழைய மரச்சிலைக்குத்தான்.

எரெக்தியோன் கட்டிய செலவுக் கணக்கைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். எவர் எந்தத் தூணில் வேலை செய்தார், எவ்வளவு கூலி என்பதை இன்றும் வாசிக்கலாம். சமூக நிலை தெரிந்த வேலையாட்கள் 86 பேரில் 24 பேர் குடியுரிமை பெற்றவர்கள், 42 பேர் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள், 20 பேர் அடிமைகள். நாட்கூலி பொதுவாக ஒரு திராக்மா. அது மூன்று வகையினருக்கும் ஒன்றே, அடிமையின் கூலி எசமானின் கைக்குப் போயிருக்கும் என்றாலும்.

நினைவு தீயாகவும் மாறும்

சாட்சியாக வைத்த கற்கள் சாட்சியோடு நிற்கவில்லை. கி.மு 330 இல் மகா அலெக்சாந்தர் பாரசீகத் தலைநகர் பெர்செபோலிஸின் அரண்மனையை எரித்தபோது, 150 ஆண்டுகளுக்கு முன் ஏதென்ஸில் எரிந்த கோயில்களுக்குப் பழி என்று சொல்லப்பட்டது. பின்னோக்கிப் போனால், ஏதென்ஸை எரித்த பாரசீகரும் ஒரு காரணம் சொல்லியிருந்தார்கள். கி.மு 498 இல் ஏதென்ஸ் வீரர்களும் சேர்ந்த கிரேக்கப் படை சார்டிஸ் நகரத்தைக் கொளுத்தியது. அப்போது அங்கிருந்த கிபெபே தெய்வத்தின் கோயிலும் எரிந்தது. சார்டிஸ் கோயிலின் எரிந்த கற்களை யாரும் ஏதென்ஸ் மதிலில் வைக்கவில்லை.

இரும்பும் ஈயமும்

பார்த்தினன் பின்னர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கிறிஸ்தவ தேவாலயமாகவும், 15 ஆம் நூற்றாண்டில் ஒஸ்மானியர் வந்தபின் பள்ளிவாசலாகவும் இருந்தது. 1687 செப்ரெம்பர் 26 அன்று வெனிஸ் படையின் குண்டு கோயிலுக்குள் வைத்திருந்த வெடிமருந்தில் விழுந்தது. நடுப்பகுதி சிதறியது. உள்ளே ஒதுங்கியிருந்தவர்கள் உட்பட ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள்.

19 ஆம் நூற்றாண்டில் கிரேக்கம் விடுதலை பெற்றதும் குன்றைத் 'தூய்மைப்படுத்தும்' வேலை தொடங்கியது. பார்த்தினனுக்குள் இருந்த சிறிய பள்ளிவாசல், குன்றில் குடியிருந்தவர்களின் வீடுகள், 1875 இல் மத்தியகாலக் கோபுரம் என எல்லாம் அகற்றப்பட்டன. பொற்காலம் ஒன்றே தெரியவேண்டும் என்று, அதற்குப் பின் அங்கே வாழ்ந்த இரண்டாயிரம் ஆண்டு மனிதர்களின் தடம் துடைக்கப்பட்டது. இன்று வெறிச்சோடிய பாறையாக நாம் காண்பது பெரிக்கிளீஸ் விட்டுப்போன குன்று அல்ல. 19 ஆம் நூற்றாண்டு செதுக்கி எடுத்த குன்று.

1898 முதல் பொறியியலாளர் நிக்கொலாஸ் பலானோஸ் விழுந்த தூண்களை நிமிர்த்தினார். கற்களை இணைக்க இரும்பைப் பயன்படுத்தினார். பழங்காலத்தவரும் இரும்பைத்தான் பயன்படுத்தினார்கள். ஆனால் அதைச் சுற்றி ஈயம் உருக்கி ஊற்றியிருந்தார்கள். ஈரம் இரும்பைத் தொடவில்லை. பலானோஸின் இரும்பு துருப்பிடித்துப் பருத்து, இரண்டாயிரம் ஆண்டு தாங்கிய பளிங்கைச் சில பத்தாண்டுகளில் வெடிக்கச் செய்தது. பல கற்கள் அவற்றுக்குரிய இடத்திலும் வைக்கப்படவில்லை.

1975 இல் இதற்கென ஒரு பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது. அன்றிலிருந்து செய்த வேலையை அவிழ்த்து மீண்டும் செய்கிறார்கள். இரும்பை எடுத்துவிட்டு டைட்டானியம் இடுகிறார்கள். சிதறிக் கிடந்த துண்டுகளை ஒவ்வொன்றாக அளந்து அதனதன் பழைய இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். குறைந்த இடத்தில் புதிய பளிங்கு சேர்க்கும்போது பழையது எது, புதியது எது என்று பார்த்தவுடன் தெரியும்படி விடுகிறார்கள். நாளை ஒருவர் வந்து பிழை என்று கண்டால் கழற்றக்கூடியதாகவும் வைக்கிறார்கள். பெரிக்கிளீஸின் பார்த்தினன் 15 ஆண்டுகளில் முடிந்தது. இந்தத் திருத்த வேலை அதைவிடப் பல மடங்கு காலம் எடுத்துவிட்டது.

மேலே பாரந்தூக்கிகளுக்கு நடுவே நின்று இதையெல்லாம் பார்த்துவிட்டு இறங்கியபோது, மீண்டும் வடக்கு மதிலின் கீழேதான் போய் நின்றேன். அந்தத் தூண் கற்களில் நெடுக்கு வரிகள் இல்லை. தூணை நிறுத்தி முடித்த பின்னர்தான் வரி செதுக்குவது வழக்கம். அதற்குள் தீ வந்துவிட்டது. பின்னர் எத்தனையோ திறமையான சிற்பிகள் அந்தக் குன்றில் வேலை செய்தார்கள். ஒருவரும் அந்தக் கற்களை இறக்கி, வரி செதுக்கி, அழகாக்கி வைக்கவில்லை.

ஏதென்ஸுக்குப் போகக் கிடைப்பவர்கள் பார்த்தினனைக் கட்டாயம் பாருங்கள். ஆனால் இறங்கி வரும்போது வடக்குப் பக்கத் தெருக்களால் நடந்து வாருங்கள். அந்த மதிலைப் பார்க்க நுழைவுச்சீட்டு வேண்டியதில்லை.